லிஃப்ட்டுக்குள் குழந்தைக்கும் நாய்க்கும் பூனைக்கும் என்ன புரிகிறது? பயமில்லாமல் பழக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. மூன்றாம் மாடியில் லிஃப்ட்டுக்காகக் காத்திருந்தோம். எதிர்ச்சுவரில் ஒரு சிவப்பு சைக்கிள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். கதவு மூடியது, கீழே இறங்கினோம், கதவு திறந்தது. அவள் வெளியே காலை வைக்காமல் அப்படியே நின்றாள்.

"சைக்கிள யாருப்பா எடுத்தா?"

"நாமதான்டா கீழ வந்துட்டோம்" என்றேன். அவளுக்கு அது பதிலாகவே படவில்லை. அவள் எங்கேயும் போகவில்லையே! நின்ற இடத்திலேயே நின்றாள். கதவு மூடித் திறப்பதற்குள் வெளியே எல்லாவற்றையும் யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள். அவள் கண்ணால் கண்டதை மட்டும் வைத்துப் பார்த்தால் அவள் கேட்டதுதான் சரியான கேள்வி.

எங்கள் நாய் மணிக்கும் அதே லிஃப்ட்தான். வந்த புதிதில் கிளம்பும்போதெல்லாம் நான்கு கால்களையும் அகட்டி வைத்து, வயிறு தரையில் படுமளவு பதுங்குவான். இரண்டு மாதம் கழித்து ஒன்றைக் கவனித்தேன். லிஃப்ட் நிற்கும் முன்பே கதவின் அடி இடுக்கில் மூக்கை வைத்துவிடுவான். எங்கள் மாடியென்றால் வால் ஆடும். வேறு யாராவது பட்டனை அழுத்தி வேறு மாடியில் நின்றால், கதவு முழுக்கத் திறந்தாலும் எழுந்திருக்க மாட்டான். மகள் கண்ணால் தேடியதை இவன் மூக்கால் கண்டுபிடித்திருந்தான்.

நமக்கு லிஃப்ட் நகரும் அறை. அவர்களுக்கு அது நகராத அறை, கதவுக்கு வெளியேதான் உலகம் மாறுகிறது. இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளைப்பதுதான். கதவு மூடுவதற்கு முன்பிருந்த இடத்துக்கும் திறந்த பின் வரும் இடத்துக்கும் நடுவே இழை அறுந்து போகிறது. அதை அவர்களுக்குப் புரிகிற வழியில் நாம் முடிச்சுப் போட்டுக் கொடுக்க வேண்டும். "பயப்படாதே, ஒண்ணுமில்ல" என்று சொல்வதால் அந்த முடிச்சு விழாது.

உடம்புக்கு என்ன தெரிகிறது

காதுக்குள், கேட்கும் பகுதியை ஒட்டியே, அசைவை உணரும் உறுப்பு இருக்கிறது. ஒரு மெல்லிய கூழ்ப்படலம், அதன் மேல் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புத் துகள்கள், அடியில் நுண்ணிய மயிரிழைகள். உடம்பு வேகமெடுக்கும்போதும் வேகம் குறையும்போதும் துகள்கள் சற்றே பின்தங்கும், இழைகள் வளையும், மூளைக்குச் செய்தி போகும். ஒரே சீரான வேகத்தில் போகும்போது எதுவும் வளையாது. அதனால்தான் லிஃப்ட் மேலே கிளம்பும்போது ஓர் அழுத்தம், நிற்கும்போது ஒரு தளர்ச்சி, நடுவில் ஒன்றுமே இல்லை. கீழே இறங்கும்போது இது தலைகீழ். குழந்தை, நாய், பூனை மூன்றுக்கும் இந்த அமைப்பு ஒன்றுபோலவே வேலை செய்கிறது.

அழுத்தம் எவ்வளவு? சாதாரண லிஃப்ட் கிளம்பும்போது புவியீர்ப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடும் அல்லது குறையும். 12 கிலோ எடையுள்ள குழந்தை மேலே கிளம்பும் அந்தக் கணத்தில் 13 கிலோவுக்குச் சற்று மேல் இருப்பதுபோல உணரும், கீழே கிளம்பும்போது 11 கிலோவுக்குச் சற்றுக் கீழ். நமக்கு இது உறைப்பதே இல்லை. "லிஃப்ட் போகிறது" என்று மனம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அந்த முன்னறிவிப்பு இல்லாத உடம்புக்கு, நம்பி நின்ற தரை திடீரென்று காலை உதைத்த மாதிரிதான் இருக்கும்.

கண்ணோ வேறு கதை சொல்கிறது. நான்கு சுவரும் நம்மோடு சேர்ந்தே நகர்வதால் எதுவும் நகரவில்லை என்கிறது. காது ஒன்று சொல்ல, கண் இன்னொன்று சொல்ல, இரண்டில் எதை நம்புவது? மூடிய பெட்டிக்குள் இருப்பவரால், தன் எடை கூடியதா, பெட்டி வேகமெடுத்ததா என்று உள்ளிருந்தபடியே பிரித்தறிய முடியாது என்ற கருத்திலிருந்துதான் ஐன்ஸ்டைன் புவியீர்ப்பைப் புதிதாக யோசிக்கத் தொடங்கினார். குழந்தை குழம்புவதில் குறையொன்றும் இல்லை.

கால் கதையும் சேர்ந்துகொள்கிறது. எவ்வளவு தூரம் வந்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று மூளை வைத்திருக்கும் கணக்கில் பெரும்பங்கு நடையிலிருந்து வருவது. லிஃப்ட்டில் நடையே இல்லை. உயரம் என்பது அதைவிடச் சிக்கல். மூளையில் இடத்தைக் குறித்து வைக்கும் உயிரணுக்களைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த உயிரணுக்களை 2011-ல் எலிகளிடம் ஆராய்ந்தபோது, தளத்தில் எங்கே நிற்கிறோம் என்பதைத் துல்லியமாகக் குறித்தவை, எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம் என்பதை மங்கலாகத்தான் குறித்தன. தரையில் நடக்கும் உயிர்களுக்கு உயரம் தானாகப் பிடிபடுவதில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஏறி ஏறித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனதுக்கு என்ன தெரிகிறது

எட்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு லிஃப்ட் பெரிய விஷயமே இல்லை. கண்ணில் படாமல் போன பொருளை அந்த வயதில் பெரும்பாலும் தேடாது என்று, குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜே காலத்திலிருந்தே சொல்லி வருகிறார்கள். தூக்கி வைத்திருப்பவரின் மார்புச் சூடும் குரலும்தான் அதன் உலகம். அவை மாறாதவரை கதவுக்கு வெளியே எது மாறினாலும் அதற்குக் கவலையில்லை.

ஒரு வயதை ஒட்டி நிலைமை மாறுகிறது. மறைந்தது எங்கோ இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது, ஆனால் எங்கே என்று தெரியவில்லை. அம்மாவை உள்ளே வைத்துக் கதவு மூடிவிட்டால் அலறுவது இந்த வயதில்தான். அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு முதல் மூன்று வயதுவரை எனக்கு மிகவும் பிடித்த கட்டம். அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோச்சும் அவருடன் வேலை செய்தவர்களும் 1997-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகளிடம் ஓர் இயந்திரத்தைக் காட்டி, இது அறையையே சின்னதாக்கிவிடும் என்றார்கள். இயந்திரம் சத்தம் போட்டு முடிந்ததும் கதவைத் திறந்தால், முன்பு பெரிய அறை இருந்த இடத்தில் அதே மாதிரி ஒரு குட்டி அறை. குழந்தைகள் நம்பினார்கள். பெரிய அறையில் ஒளித்து வைத்த பொம்மையைக் குட்டி அறையில் அதே மூலையில் போய்த் தேடி எடுத்தார்கள். கதவு மூடியது, சத்தம் கேட்டது, திறந்தால் உலகம் மாறியிருந்தது. இதையேதான் லிஃப்ட் தினமும் செய்துகாட்டுகிறது. என் மகளின் சைக்கிள் கேள்வி எனக்கு முழுதாகப் புரிந்தது இதைப் படித்த பிறகுதான்.

மூன்று நான்கு வயதில் எண்களும் மாடிகளும் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். பயமும் வேறு முகம் காட்டும். "கயிறு அறுந்துட்டா?" "உள்ளயே மாட்டிக்கிட்டா?" என்பவை கற்பனை வளர்ந்த பிறகு வரும் கேள்விகள். அவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

நாய்க்கு மூக்குதான் மாடி எண். அதோடு காதும். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாய்க்கு ஏறத்தாழ 45,000 வரை, பூனைக்கு 60,000-ஐயும் தாண்டும். லிஃப்ட்டில் மோட்டார், மின்விசிறி, கதவை இழுக்கும் பட்டை, தண்டவாளத்தில் உருளும் சக்கரம் என்று சத்தத்துக்குப் பஞ்சமில்லை. நமக்கு அமைதியாகத் தோன்றும் பெட்டி அவற்றுக்கும் அமைதியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

லிஃப்ட்டில் கண்ணாடி இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள்தான் குழந்தைகள் கண்ணாடியில் தெரிவது தாம்தான் என்று அறிகிறார்கள். அதற்கு முன் அங்கே இன்னொரு குழந்தை நிற்கிறது. நாய் தன்னைக் கண்ணாடியில் அடையாளம் காண்பதில்லை. முதல் சில முறை உறுமினால், மூலையில் அந்நிய நாய் ஒன்று நின்று முறைக்கிறது என்று அது நினைத்திருக்கலாம்.

முதல் படி: படிக்கட்டிலிருந்து தொடங்குங்கள்

லிஃப்ட்டைப் பழக்க நான் சொல்லும் முதல் வேலை, லிஃப்ட்டில் ஏறாமல் இருப்பது.

ஒரு மாடி இறங்குங்கள், ஏறுங்கள். பல நாள் இதையே செய்யுங்கள். குழந்தையின் கையால் கைப்பிடியைத் தொட வைத்து, ஒவ்வொரு படியாக எண்ணச் சொல்லுங்கள். எண்ணத் தெரியாவிட்டால் நீங்கள் எண்ணுங்கள். மேலே ஓர் அடையாளம், கீழே ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மேலே சைக்கிள், கீழே ஒரு மண் தொட்டி. "சைக்கிள் வீடு", "தொட்டி வீடு" என்று மகளே பெயர் வைத்தாள். சைக்கிளிலிருந்து தொட்டி வரை தன் காலாலேயே இறங்கி வந்த பிறகு, சைக்கிள் மேலேயே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்த விஷயமாகிவிட்டது. லிஃப்ட் வந்து அதை மாற்ற முடியவில்லை.

நாய்க்கும் இதே வேலை. ஒவ்வொரு மாடியிலும் கால் நிமிடம் நிறுத்தி மோந்து பார்க்க விடுங்கள். அவசரப்படுத்தாதீர்கள், மோந்து பார்ப்பதுதான் அதற்குப் படிப்பு. மூட்டு வலியுள்ள வயதான நாயைப் படியேற்ற வேண்டாம். அதற்குப் பதில், லிஃப்ட்டில் போய் இறங்கும் ஒவ்வொரு மாடியிலும் கூடுதல் நேரம் கொடுங்கள்.

இரண்டாம் படி: வெளியே நின்று பாருங்கள்

இது கண்ணாமூச்சி ஆட்டத்தின் நீட்சி. ஒருவர் லிஃப்ட்டில் ஏறிக் கையசைத்துவிட்டுப் போக வேண்டும். இன்னொருவர் குழந்தையைக் கூட்டிக்கொண்டு படி வழியாக அடுத்த மாடிக்குப் போக வேண்டும். லிஃப்ட்டில் போனவர், இவர்கள் வந்து சேர்வதற்குக் காத்திருந்து கதவைத் திறந்து வெளியே வரட்டும். கதவு திறந்து அப்பா வெளியே வருவதைப் பார்க்கும் குழந்தையின் முகத்தை நீங்களே பாருங்கள். பெட்டிக்குள் போனவர் காணாமல் போகவில்லை, நான் நடந்து வந்த அதே இடத்துக்கு வந்திருக்கிறார்! இதைவிடச் சிறந்த விளக்கம் எந்த வாயாலும் சொல்ல முடியாது.

மூன்று, நான்கு முறை போதும். பிறகு ஆளை மாற்றுங்கள். நாயோடும் இதை ஆடலாம், அதற்கு ஆள் வருகிறார் என்பதே பரிசு.

அட்டைப்பெட்டியில் நூல் கட்டி, பொம்மையை உட்கார வைத்து, புத்தக அலமாரியோரம் ஏற்றி இறக்கிக் காட்டுவது நல்ல யோசனைதான், ஆனால் மூன்று வயதுக்குப் பிறகு. ஒரு சின்ன மாதிரி பெரிய பொருளைக் குறிக்கிறது என்பது இரண்டரை வயதில் பெரும்பாலும் பிடிபடாது. அதற்கு முன் காட்டினால் குழந்தைக்குப் பெட்டி பெட்டிதான், லிஃப்ட் லிஃப்ட்தான்.

மூன்றாம் படி: நகராத லிஃப்ட்

ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பாருங்கள். ஒருவர் கதவைத் திறந்து வைக்கும் பட்டனை அழுத்திக்கொண்டிருக்க, குழந்தையோ நாயோ உள்ளே போய் வெளியே வரட்டும். அவ்வளவுதான். எங்கேயும் போக வேண்டாம்.

1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் முயலுக்குப் பயந்த ஒரு சிறுவனின் பயத்தைப் போக்கியதை எழுதினார். அவன் பிடித்ததைச் சாப்பிடும்போது முயலைத் தூரத்தில் வைப்பார், அவன் அழாத அளவுக்கு. நாளடைவில் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவருவார். கடைசியில் அவனே முயலைத் தொட்டான். இன்றும் குழந்தைக்கும் நாய்க்கும் பூனைக்கும் இதுதான் வழி. பயம் கிளம்பாத தூரத்தில் நல்ல விஷயத்தைக் கொடுப்பது, தூரத்தை மெதுவாகக் குறைப்பது.

நாய்க்கு இதைச் செய்து காட்டுகிறேன். லிஃப்ட் கதவிலிருந்து பத்தடி தள்ளி நில்லுங்கள். கதவு திறக்கும் சத்தம் கேட்டவுடன் ஒரு துண்டு ட்ரீட். மறுபடி சத்தம், மறுபடி துண்டு. சத்தம் கேட்டதும் கதவைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் ஐந்தடி. அப்புறம் வாசல். வாசலில் கதவுக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு கோடுபோல இடைவெளி இருக்கும், அதன் வழியே கீழிருந்து காற்று வரும். பல நாய்கள் நிற்பது அந்தக் கோட்டில்தான். அதைத் தாண்டச் சொல்லி இழுக்காதீர்கள். ட்ரீட்டை முதலில் கோட்டுக்கு இந்தப் பக்கம், பிறகு கோட்டை ஒட்டி, பிறகு அந்தப் பக்கம் வையுங்கள். முன்னங்கால் மட்டும் உள்ளே வைத்துத் தின்றுவிட்டுப் பின்வாங்கினால் அன்றைக்கு அது போதும். மணிக்கு இந்த ஒரு கோட்டைத் தாண்ட ஆறு நாள் ஆனது. ஏழாவது நாள் அவனே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டான்.

குட்டியாக இருந்தால் இவ்வளவு பாடு இல்லை. நாய்க்குட்டிக்குப் புதியவை எளிதில் பழகும் காலம் பிறந்து ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்காவது வாரம் வரை. பூனைக்குட்டிக்கு இன்னும் சீக்கிரம், இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரை. குட்டி வீட்டுக்கு வந்ததும் தூக்கி வைத்துக்கொண்டு லிஃப்ட்டில் நாலு முறை போய்வந்தால் பின்னால் பல வாரப் பாடு மிச்சம். தடுப்பூசி முடியாத குட்டியைப் பொது இடத்தில் தரையில் விடாதீர்கள், கையிலேயே இருக்கட்டும்.

நான்காம் படி: ஒரே ஒரு மாடி

முதல் பயணம் ஒரு மாடிதான். தெரிந்த அடையாளத்திலிருந்து தெரிந்த அடையாளத்துக்கு.

குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: "இப்போ கதவு மூடும். அப்புறம் தரை காலடியில லேசா நழுவும். அப்புறம் ஒண்ணும் தெரியாது. திறந்தா தொட்டி வீடு." இந்த வரிசையை மாற்றாமல் ஒவ்வொரு முறையும் அப்படியே சொல்லுங்கள். லிஃப்ட் கிளம்பும்போது "நழுவுச்சா?" என்று கேளுங்கள். அது நழுவப்போகிறது என்று தெரிந்திருந்தால் அதே அசைவு ஊஞ்சல் சுகம் ஆகிவிடுகிறது. என் மகள் முழங்காலைக் கொஞ்சம் மடித்துவைத்துக் காத்திருப்பாள். நழுவியதும் "வந்துச்சு!" என்பாள்.

கதவு திறந்ததும் உடனே கிளம்பிப் போய்விடாதீர்கள். தொட்டியைத் தொட விடுங்கள். பிறகு படி ஏறிப் போய் சைக்கிள் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். அறுந்த இழையை முடிச்சுப் போடுவது என்று நான் சொன்னது இந்தத் திரும்பிப் போய்ப் பார்க்கும் வேலையைத்தான். ஒரு மாதம் கழித்து மகள் கதவு திறந்ததும் "சைக்கிள் மேல இருக்கு" என்று தானாகச் சொன்னாள்.

நாயை உள்ளே உட்காரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். காலை அகட்டி நிற்பது அதன் உடம்பு தானே கண்டுபிடித்த சமநிலை. வழுக்கும் தரை என்றால்தான் நடுக்கம் கூடும். ஆரம்ப நாட்களில் ஒரு சின்ன ரப்பர் மேட்டைக் கையோடு கொண்டுபோய் அதன்மேல் நிற்க வையுங்கள். வீட்டு வாசனையுள்ள துணியென்றால் இன்னும் நல்லது. கிளம்பும்போது ஒரு துண்டு, நிற்கும்போது ஒரு துண்டு, நடுவில் வேண்டாம். கஷ்டமான இரண்டு கணங்களில் நல்லது நடக்க வேண்டும், அதுதான் கணக்கு.

ஒரு மாடி நன்றாகப் பழகிய பிறகு இரண்டு, பிறகு நான்கு. மிக உயர்ந்த கட்டடங்களில் காற்றழுத்தம் மாறுவதால் காது அடைக்கும். குழந்தைக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள், கைக்குழந்தைக்குப் பால்.

எண்ணும் பட்டனும்

பட்டன் அழுத்துவது குழந்தைக்கு வெறும் விளையாட்டு அல்ல. தனக்கு எதுவும் புரியாமல் நடக்கும் ஒன்றில், தான் செய்ததால் நடக்கும் ஒரே விஷயம் அது. தூக்கிப் பிடித்தாவது அழுத்த விடுங்கள், ஒரு பட்டன் மட்டும். மேலே மாறும் எண்களைச் சத்தமாகப் படியுங்கள். நடுவில் ஒன்றும் தெரியாத அந்த வெற்று நேரத்தில் போகிறோம் என்பதற்கு ஒரே சாட்சி அந்த எண்தான். கண்ணாடிச் சுவர் வைத்த லிஃப்ட் கிடைத்தால் ஒருமுறை கூட்டிப் போங்கள். தரை கீழே போவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் சில குழந்தைகளுக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கிவிடும். நாயை அதில் முதலில் ஏற்றாதீர்கள்.

பூனை

பூனைக்குப் பழக்குவதைவிட மறைப்பது நல்லது. கூண்டுக்கூடையில் வைத்து, மூன்று பக்கம் அதன் படுக்கைத் துணியால் மூடி, கூடையை அடியில் கைகொடுத்து மார்போடு அணைத்துப் பிடியுங்கள். கைப்பிடியில் தொங்கவிட்டால் லிஃப்ட்டின் அசைவோடு கூடையின் ஆட்டமும் சேரும். தரையில் வைக்காதீர்கள், அங்கே மற்றவர் கால்களும் நாய் மூக்கும் வரும். கூடை வீட்டில் எப்போதும் திறந்தே கிடக்கட்டும், பூனை அதில் தூங்கட்டும். வெளியே போகும் நாளில் மட்டும் கண்ணில் படும் கூடையென்றால், பயம் வீட்டிலேயே தொடங்கிவிடும்.

இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

கதவுச் சென்சாரை நம்பி நாயைக் கூட்டிப் போகாதீர்கள். கதவோரம் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகள் வரிசையாக ஓடும், அவற்றை ஏதாவது மறித்தால் கதவு திறக்கும். லீஷ் போன்ற மெல்லிய கயிறு அதன் கண்ணில் படாமல் போகலாம். நாய் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம், நடுவில் கயிறு, கதவு மூடி லிஃப்ட் கிளம்பிவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுதவே கை வரவில்லை. இப்படி நாய்கள் செத்திருக்கின்றன.

ஆகவே: கயிற்றைக் கையில் சுருட்டி, கழுத்துப்பட்டையிலிருந்து ஒரு முழத்துக்குள் பிடியுங்கள். நீளும் சுருள் கயிறென்றால் பூட்டிவிடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் நாய் உங்கள் முழங்காலை ஒட்டி, ஒரே நேரத்தில் வாசலைத் தாண்ட வேண்டும். உள்ளே போனதும் திரும்பி, நாய் முழுதாக உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே பட்டன். ஃபோனைப் பையில் வையுங்கள். மீறி மாட்டிக்கொண்டால் உள்ளே இருப்பவர் கயிற்றை உடனே விட்டுவிட்டுக் கதவு திறக்கும் பட்டனை அழுத்த வேண்டும். நாயின் பக்கம் யாராவது இருந்தால் பட்டையிலிருந்து கொக்கியைக் கழற்ற வேண்டும்.

குழந்தையின் கை கதவில் சாயக் கூடாது. மூடும்போது மட்டும்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். கதவு திறந்து பக்கச் சுவருக்குள் நழுவும்போதும் அதில் ஒட்டியிருக்கும் உள்ளங்கையையும் இழுத்துக்கொண்டு போகும். "கை தொப்பையில" என்று சொல்லிப் பழக்குங்கள், கதவு அசையும்போதெல்லாம் கை வயிற்றின் மேல். பலூன் நூல், இழுத்து விளையாடும் பொம்மைக் கயிறு, தொங்கும் துணி எல்லாமே லீஷ் மாதிரிதான். வீட்டுக்குள் வைக்கும் சிறிய லிஃப்ட்களில் வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே ஒரு குழந்தை நிற்கும் அளவு இடைவெளி சில சமயம் இருக்கும். அப்படி இருந்தால், மெக்கானிக்கை வைத்து அதை அடைக்கும்வரை அந்த லிஃப்ட்டைப் பயன்படுத்தாதீர்கள்.

குழந்தையும் அந்நிய நாயும் ஒரே லிஃப்ட்டில் ஏற வேண்டாம். நாயின் மூக்கும் குழந்தையின் முகமும் ஒரே உயரம், இருவருக்கும் ஒதுங்க இடமில்லை. "நீங்க போங்க, நாங்க அடுத்ததுல வர்றோம்" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. எஸ்கலேட்டரில் நாயை நடத்தவே கூடாது, பல் போன்ற அந்த விளிம்பில் பாதமும் நகமும் சிக்கிவிடும்.

பயம் ஏற்கெனவே ஒட்டியிருந்தால்

நாய் கொட்டாவி விடுகிறது, உதட்டை நக்குகிறது, வாங்கிய ட்ரீட்டைக் கீழே போடுகிறது, மூச்சிரைக்கிறது என்றால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள். குழந்தை லிஃப்ட் பக்கம் வந்ததும் பேச்சை நிறுத்தினாலோ, உங்கள் துணியை இறுக்கிப் பிடித்தாலோ அதே அர்த்தம். இரண்டு படி பின்னால் போய், பயம் இல்லாத இடத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். தூக்கிக்கொண்டு உள்ளே போய் "பாரு, ஒண்ணும் ஆகலையே" என்று காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அதில் குழந்தை கற்பது, இந்த இடத்தில் என் பேச்சு எடுபடாது என்பதைத்தான்.

கயிறு அறுந்தால் என்று கேட்கும் குழந்தைக்கு உண்மையைச் சொல்லுங்கள். ஒரு கயிறு இல்லை, பல எஃகுக் கயிறுகள். பெட்டி அளவுமீறிய வேகத்தில் இறங்கினால் பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் பிடிப்பான்களும் உண்டு. 1854-ல் நியூயார்க்கில், லிஃப்ட்டுக்குப் பாதுகாப்புப் பிடிப்பானை உருவாக்கிய எலிஷா ஓட்டிஸ் ஒரு மேடையில் ஏறி நின்று, தன்னைத் தூக்கியிருந்த கயிற்றை எல்லோர் கண்முன்னும் வெட்டச் சொன்னார். மேடை விழவில்லை, பிடித்துக்கொண்டது. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். பல நாள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள், சலிக்காமல் சொல்லுங்கள்.

நின்றுவிட்டால், பிரிந்துவிட்டால்

லிஃப்ட் நடுவில் நின்றால் முதலில் நீங்கள் தரையில் உட்காருங்கள். நின்றபடி பட்டன்களை மாற்றி மாற்றி அழுத்தும் பெரியவரைப் பார்த்துத்தான் குழந்தை பயப்படும். மணியையோ பேசும் கருவியையோ அழுத்தி, எந்த மாடிகளுக்கு நடுவே, எத்தனை பேர், குழந்தையோ நாயோ இருக்கிறதா என்று சொல்லுங்கள். காற்று தீராது, பெட்டியில் காற்றுத் துளைகள் உண்டு. கதவை நெம்பித் திறக்காதீர்கள். பாதித் திறந்த வாசல் வழியே குழந்தையை மேலே தூக்கிக் கொடுக்கவும் கூடாது, லிஃப்ட் எந்த நொடியும் நகரலாம். நாயை மடியில் படுக்க வைத்து நீளமாகத் தடவிக்கொடுங்கள்.

குழந்தையை உள்ளே வைத்துக் கதவு மூடிவிடுவது யாருக்கும் நடக்கலாம். அதற்கு முன்பே விளையாட்டாகப் பழக்க வேண்டிய விதி ஒன்றுதான்: "கதவு திறந்தா வெளிய வா, சுவரோரம் உட்காரு, மறுபடி ஏறாத. அப்பா வருவேன்." வெளியே விடுபட்டால் நின்ற இடத்திலேயே உட்கார வேண்டும். இரண்டு பேரும் தேடினால் மாடிக்கு மாடி மாறி மாறிப் போய்க்கொண்டே இருப்போம். குழந்தை ஓரிடத்தில் இருந்தால் தேடுவது பெரியவர் மட்டும். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருவர் அதே மாடியில் நிற்கட்டும், மற்றவர் எண் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் படியில் ஓடட்டும்.

நாங்கள் இதை மாதம் ஒருமுறை ஒத்திகை பார்க்கிறோம். மனைவி கீழே மண் தொட்டிக்குப் பக்கத்தில் மறைந்து நிற்பாள். நான் மேலே பட்டனை அழுத்திவிட்டு வெளியே வந்துவிடுவேன். மகளுக்கு இப்போது ஐந்து வயது. கீழே கதவு திறந்ததும் அவள் வெளியே வந்து, தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து, கையைத் தொப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.